மலையைத் தின்றது யார்?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு வீடியோ அனுப்பினார். நவூரு என்கிற தீவு நாட்டைப் பற்றியது. உழைக்காமல் உட்கார்ந்து தின்று அழிந்த நாடு என்று தலைப்பு. அதற்குக் கீழே பெரியப்பா தன் பங்குக்கு, "குந்தித் தின்றால் குன்றும் மாளும், பாருங்கடா பிள்ளைகளா" என்று எழுதியிருந்தார். உடனே பத்துப் பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

இந்த வீடியோ புதிதில்லை, வேறு வேறு குரலில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது சுற்றிவரும். கதை ஒன்றுதான். பறவை எச்சத்தால் பணக்காரர்களான ஜனங்கள், ஓட்டுவதற்கு ஒழுங்கான சாலை இல்லாத ஊரில் லம்போர்கினி வாங்கிய போலீஸ் அதிகாரி, தின்று தின்று சர்க்கரை வியாதி, கடைசியில் கையேந்தி நிற்கும் நிலை.

எனக்கு இதைக் கேட்டால் ஆத்திரமாக வருகிறது. அதில் சொல்வது பாதிக்கு மேல் நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கதையை நவூரு சுதந்திரம் வாங்கிய 1968-இல் ஆரம்பிக்கிறார்களே, அதில்தான் எனக்குத் தகராறு. அதற்கு முன்னால் 60 வருஷம் அந்தக் குன்றை வேறு ஆட்கள் தின்றுகொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் உரக்கடை. சின்ன வயதில் லீவு விட்டால் நான் அந்தக் கடையில்தான் கிடப்பேன். நடவு நெருங்கினால் அடியுரத்துக்குக் கூட்டம் அலைமோதும். சூப்பர் மூட்டையைப் பிரித்தால் ஒரு புளித்த நெடி மூக்கில் ஏறும். சாம்பல் நிறத் தூள் விரல் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும், கையில் சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். அது அமிலத்தின் நெடி. பாஸ்பேட் பாறையைப் பொடித்துக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால்தான் பயிர் எடுத்துக்கொள்கிற சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். அந்தப் பாறை இல்லாமல் சூப்பரும் இல்லை, டிஏபியும் இல்லை. வீடியோ பறவை எச்சம் என்று சொல்வது இந்தப் பாறையைத்தான். நவூருவில் கிடந்தது உலகத்திலேயே உயர்ந்த ரகங்களில் ஒன்று. உரம் விற்றுச் சாப்பிட்ட வீட்டிலிருந்தே அந்தத் தீவைத் திட்டி ஒரு வீடியோ வந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பசிபிக் கடலில், பூமத்திய ரேகைக்குச் சற்றுக் கீழே தேடுங்கள். நிறையப் பெரிதாக்கினால்தான் தெரியும். மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், அதற்குள் இருபது நவூருவை வைத்துவிடலாம். பக்கத்தில் என்று சொல்ல இருப்பது கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனாபா தீவு. அதையும் இதே பாஸ்பேட்டுக்காகத் தோண்டி, அங்கே இருந்த ஜனங்களை ஃபிஜி நாட்டின் ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

படத்தில் ஓரமாக ஒரு பச்சை வளையம் தெரியும். தென்னை மரங்கள், வீடுகள், தீவைச் சுற்றி வரும் 19 கிலோமீட்டர் சாலை. ஏறக்குறைய 12,000 பேரும் பெரும்பாலும் இந்த ஒல்லியான வளையத்தில்தான் வாழ்கிறார்கள். தெற்கே விமான ஓடுதளம், விமானம் இறங்கும்போது சாலையில் வண்டிகளை நிறுத்தி வைப்பார்கள். தலைநகரம் என்று அறிவித்த ஊர் எதுவும் கிடையாது, யாரென் மாவட்டத்தில் நாடாளுமன்றம் இருக்கிறது, அவ்வளவுதான். வளையத்துக்கு உள்ளே நடுப்பகுதி முழுக்க வெளிறிப்போய்க் கிடப்பதைக் கவனியுங்கள். அந்த மேட்டுநிலத்தை அவர்கள் டாப்சைட் என்கிறார்கள். தீவில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்கு இடையில் நிறைந்திருந்த பாஸ்பேட்டை அள்ளி எடுத்துவிட்டார்கள், தூண்கள் மட்டும் ஈட்டி நட்டது மாதிரி நிற்கின்றன, சில 15 மீட்டர் உயரம் வரை. ஒரு மாடு மேய முடியாது. ஒரு குழி நிலம் சமமாகக் கிடைக்காது.

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த கல்லை 1899-இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் சோதித்துப் பார்த்தார். சுத்தமான பாஸ்பேட். கல் வந்த இடம் நவூரு. அப்போது அது ஜெர்மனியின் கையில் இருந்தது. 1907-இல் ஏற்றுமதி ஆரம்பம். நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது டன்னுக்கு அரை பென்னி.

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தீவைப் பிடித்தது. 1919-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் உட்கார்ந்து 42, 42, 16 சதவீதம் என்று பாஸ்பேட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. உலகச் சந்தையில் பாறை என்ன விலைக்குப் போனாலும் சரி, இந்த மூன்று நாட்டு விவசாயிகளுக்கு அசல் விலைக்குக் கிடைக்கும். ஆஸ்திரேலிய மண் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்த மண். அங்கே கோதுமை விளைந்ததிலும் நியூசிலாந்தில் புல் தழைத்து மாடுகள் கொழுத்ததிலும் இந்தத் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த விலை வித்தியாசம் யாருடைய பணம் என்று வீடியோ போடுகிறவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

அப்புறம் அந்த ஜனங்கள். பன்னிரண்டு குலங்கள், அதனால்தான் அவர்கள் கொடியில் இருக்கும் நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனை. 1920-இல் விஷக் காய்ச்சல் வந்து ஜனத்தொகை மளமளவென்று குறைந்தது. 1,500 பேராவது இருந்தால்தான் இந்த இனம் பிழைக்கும் என்று அன்றைய ஆஸ்திரேலிய நிர்வாகி ஒரு கணக்குச் சொன்னார். 1932 அக்டோபர் 26 அன்று அந்த 1,500-ஆவது குழந்தை பிறந்தது. அந்த நாளை இன்றைக்கும் அங்காம் நாள் என்று கொண்டாடுகிறார்கள். ஒரு குழந்தை பிறந்ததற்காக நாடே விடுமுறை விடுகிறது என்றால் அந்த எண் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

பத்து வருஷம்கூட நிம்மதியாக இருக்க விடவில்லை. 1942-இல் ஜப்பான் ராணுவம் வந்தது. தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்துக் கொன்றது. சுமார் 1,200 நவூருக்காரர்களை, பசிபிக்கிலேயே தன் வசம் இருந்த ட்ரக் என்கிற தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனது. போர் முடிந்து 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். போன இடத்தில் செத்தவர்களில் அந்த 1,500-ஆவது குழந்தையும் உண்டு. மறுபடி எண்ணி எண்ணி 1949-இல்தான் அந்தத் தொகையை எட்டினார்கள். 1968-இல் சுதந்திரத்துக்கு நாள் குறித்தபோது அதே ஜனவரி 31-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதையும் வைத்துக்கொண்டு அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. தீவு எப்படியும் தேறாது என்று, 1960-களில் எல்லோரையும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையோரம் இருக்கும் கர்ட்டிஸ் தீவுக்கு மாற்றிவிட ஒரு யோசனை வந்தது. வீடு, வேலை எல்லாம் உண்டு, ஆனால் ஆஸ்திரேலியக் குடிமக்களாகிவிட வேண்டும், தனி நாடு என்ற பேச்சு கூடாது. 1964-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிற்பாடு முதல் குடியரசுத் தலைவரான ஹேமர் டிராபர்ட்தான் அப்போது அவர்களுக்குத் தலைவர். எனக்கு இந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. குண்டும் குழியுமான 21 சதுர கிலோமீட்டரை விட்டுக்கொடுக்காமல் நின்றார். தங்கள் பாறையைத் தோண்டும் சுரங்கத்தையே 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, அதையும் வாங்கினார்கள்.

சரி, இனி அவர்கள் தவறுக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்னால் தோண்டியது தீவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தைத் தோண்டியது அவர்களே. 1970-களில் தலைக்கு வருமானம் என்று பார்த்தால் உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்தார்கள். வரி கிடையாது, படிப்பும் வைத்தியமும் இலவசம். மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம், நாலைந்து விமானங்களோடு சொந்த விமான கம்பெனி, லண்டனில் ஒரு இசை நாடகத்துக்கு முதலீடு. அந்த நாடகம் படுத்துவிட்டது, கட்டடம் 2004-இல் கைமாறியது, 2005-இல் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தலைமுறைக்கும் சேர்த்து வைத்த நிதியை ஆண்டவர்களும் ஆலோசனை சொல்ல வந்தவர்களும் கரைத்தார்கள். இதில் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லா முதலீடும் கிறுக்குத்தனம் என்று சொல்வதும் தப்பு. ஒடிசாவில் பாரதீப் பாஸ்பேட்ஸ் இருக்கிறதே, 1981-இல் அது தொடங்கியபோது இந்திய அரசோடு கூட்டுச் சேர்ந்தது நவூரு அரசு. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய், தாழம்பழம், புவாடா ஏரியில் வளர்த்த பால்கெண்டை என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மண் போன பிறகு கப்பலில் வருவதைத்தான் சாப்பிட முடியும். கப்பலில் வருவது வெள்ளை அரிசியும் மாவும் சர்க்கரையும் டின் இறைச்சியும். உலகத்தில் உடல் பருமன் மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக அது ஆனதற்கு நாக்கு ருசியை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி?

தோண்டிப் போட்ட நிலத்தைச் சீர்செய்யச் சொல்லி அவர்கள் கேட்கவும் செய்தார்கள். அதை விசாரிக்க 1986-இல் அமைத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வீரமந்திரி. தீவை அறங்காவலர்களாக நிர்வகித்த பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும்தான் இழப்பீடு தர வேண்டும் என்பது அந்த ஆணையம் கண்ட முடிவு. 1989-இல் ஆஸ்திரேலியாவை ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கே இழுத்தார்கள். வழக்கை எடுக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா வாதாடியது, நீதிமன்றம் 1992-இல் எடுப்போம் என்றது, அடுத்த வருஷமே 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமாதானம். பிரிட்டனும் நியூசிலாந்தும் தலைக்கு 1 கோடியே 20 லட்சம் போட்டன. இந்த வழக்கைப் பற்றி நம் வீடியோக்களில் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

பாறை தீர்ந்த பிறகு நடந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது. மண் இல்லாதவன் எதை விற்பான்? வங்கி உரிமம் விற்றார்கள், ஒரே அஞ்சல் முகவரியில் நூற்றுக்கணக்கான வங்கிகள், ரஷ்யக் கறுப்புப் பணம், 2002-இல் அமெரிக்கத் தடை. அங்கீகரிப்பது தைவானையா சீனாவையா என்பதில் 2002-இலிருந்து 2024 வரை மூன்று முறை பக்கம் மாறினார்கள், உதவி எங்கே அதிகமோ அங்கே. 2001-இல் ஆஸ்திரேலியா தன்னிடம் படகில் வந்த அகதிகளை அடைத்துவைக்க இடம் கேட்டது, கொடுத்தார்கள். இது நமக்கு ஒட்டாத கதை இல்லை. மூடிய முகாமை 2012 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது முதல் விமானத்தில் கொண்டுபோய் இறக்கியது இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களைத்தான். முள்வேலி முகாமிலிருந்து தப்பித்துக் கடல் தாண்டிய தமிழர்களும் அந்தச் சுண்ணாம்பு வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். அகதிகளுக்கு அங்கே நடந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் முகாம் கேட்டது ஆஸ்திரேலியா, காசு கொடுத்தது ஆஸ்திரேலியா, திட்டு வாங்கியது மட்டும் பெரும்பாலும் நவூரு. 2025-இல்கூட, தான் நாடு கடத்த முடியாதவர்களை ஏற்றுக்கொள்ள 40 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாக ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

அரசாங்கம் என்று பார்த்தால் 19 பேர் கொண்ட நாடாளுமன்றம், அவர்கள் கூடித் தங்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். வலுவான கட்சிகள் கிடையாது. அதனால் இரண்டு பேர் மனசு மாறினால் ஆட்சி போய்விடும், அப்படிப் பலமுறை போயிருக்கிறது. தேர்தல் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது: எல்லா வேட்பாளரையும் வரிசைப்படுத்த வேண்டும், முதல் இடத்துக்கு 1, இரண்டாவதுக்கு அரை, மூன்றாவதுக்கு மூன்றில் ஒன்று என்று மதிப்பெண். ராணுவம் இல்லை, நாணயம் ஆஸ்திரேலிய டாலர், 2018 வரை மேல்முறையீட்டுக்குக்கூட ஆஸ்திரேலிய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

நல்லது ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களிடம் நாள் கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்க எட்டு பசிபிக் நாடுகள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கூட்டணிக்கு அடிப்படையான 1982 ஒப்பந்தத்துக்குப் பெயரே நவூரு ஒப்பந்தம். தனியாக நின்று பாறையை அரை பென்னிக்குக் கொடுத்தவர்கள் மீனில் கூட்டாக நின்று விலை பேசுகிறார்கள். ஆழ்கடலின் அடியில் உலோகம் தோண்ட ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு கைகோத்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோண்டியதால் என்ன ஆகும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

இப்போது கடல் மட்டம் ஏறுகிறது. வாழ இருக்கும் அந்தப் பச்சை வளையம்தான் முதலில் போகும். ஆகவே கரையோரத்தில் இருக்கும் ஜனங்களில் பெரும்பாலானவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே, அதே டாப்சைட்டுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தூண்களை வெட்டிச் சமன்செய்து, மண் கொண்டுவந்து கொட்டி, அதற்குமேல் வீடு கட்ட வேண்டும். அதற்குப் பணம் திரட்ட 2025-இல் குடியுரிமையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், ஒருவருக்கு 1,05,000 அமெரிக்க டாலர். நம் யூடியூப்காரர்களுக்கு இதுவும் ஒரு தலைப்பாகிவிட்டது, பாஸ்போர்ட்டை விற்கும் நாடு என்று. அந்த வீடியோவும் ஒருநாள் எங்கள் குழுவுக்கு வரும். பெரியப்பா அனுப்புவதற்கு முன்னால் அந்தச் செயற்கைக்கோள் படத்தை அவருக்குக் காட்டி, நடுவில் வெளிறிக் கிடக்கும் இடத்தில் விரலை வைத்து, இங்கேதான் வீடு கட்டப் போகிறார்கள் பெரியப்பா என்று சொல்ல நினைத்திருக்கிறேன்.