டைகர்ஏர் திவாலாகவில்லை

சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு மலிவு விலை விமானம் நடத்தத் தெரியவில்லை, அதன் மலிவு விலை விமான நிறுவனமான டைகர்ஏர் திவாலாகி மூடப்பட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல் பாதி அவரவர் அபிப்பிராயம், அதற்குள் நான் போகவில்லை. இரண்டாவது பாதி மட்டும் சரியல்ல.

டைகர்ஏர் பல வருடம் நஷ்டத்தில் தடுமாறியது உண்மைதான். ஆனால் அது திவாலாகவில்லை. 2017 ஜூலையில் ஸ்கூட் என்ற இன்னொரு மலிவு விலை விமான நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. இரண்டுமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. இதில் வேடிக்கை, நிலைத்த பெயர் ஸ்கூட்டுடையது, நிலைத்த விமான இயக்க உரிமம் டைகர்ஏருடையது.

ஸ்கூட்டில் சிங்கப்பூர் போய்வரும் திருச்சிக்காரர்கள் இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். இப்போதைய ஸ்கூட் டிக்கெட்டில் விமான எண்ணுக்கு முன்னால் 'டிஆர்' என்றுதான் இருக்கும். அது டைகர்ஏரின் பழைய குறியீடு. இணைப்புக்கு முன் ஸ்கூட்டின் சொந்தக் குறியீடு 'டிஇசட்' என்று இருந்தது. 2017-க்கு முந்தைய டிக்கெட் மெயிலில் கிடந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அந்த ஆண்டு அறிக்கையிலும் இந்த இணைப்பு பதிவாகியுள்ளது.

2020-இல் மூடப்பட்டது டைகர்ஏர் ஆஸ்திரேலியா. அதற்குள் அது விர்ஜின் ஆஸ்திரேலியாவின் கைக்குப் போயிருந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வந்திருக்கலாம்.