நஜிபுல்லா உடனே விழவில்லை
ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை வெளியேறியதுமே, சோவியத் ஆதரவு பெற்ற அதிபர் நஜிபுல்லாவின் காபூல் அரசு சரிந்துவிட்டது என்று அந்த நாட்டைப் பற்றிய கட்டுரையில் இருக்கிறது. அப்படி இல்லை. 1989 பிப்ரவரி 15-ல் சோவியத் படைத் தளபதி ஜெனரல் கிரோமோவ் எல்லையிலிருந்த அமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனார். அடுத்த மாதம் ஜலாலாபாத் நகரத்தைச் சுற்றி வளைத்த முஜாஹிதீன் கிளர்ச்சியாளர்களால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. நஜிபுல்லா 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார். மாஸ்கோவிலிருந்து வந்த பணமும் எரிபொருளும் ஆயுதமும் நின்ற பிறகுதான் கவிழ்ந்தார் (அவர் பக்கம் இருந்த தளபதி தோஸ்தம் கட்சி மாறியது தனிக்கதை). 2021-ல் அமெரிக்கப் படை கிளம்பி முடிப்பதற்குள்ளேயே ஆப்கன் அதிபர் அஷ்ரஃப் கனி நாட்டைவிட்டு ஓடிவிட்டார். இரண்டையும் சேர்த்து 'வல்லரசுகளின் கல்லறை' என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். சுமார் 15,000 வீரர்களைப் பறிகொடுத்த பிறகும் கிட்டத்தட்ட மூன்று வருடம் சோவியத் அரசு ஏன் காசு அனுப்பிக்கொண்டிருந்தது? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.