ஒரு படி அரிசியும் ஏழு அடிப் பாட்டும்

எண்பத்தொரு வயதில் அம்மா இறந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் "கல்யாணச் சாவுப்பா, கொடுத்து வைத்தவர்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனாலும், அழுவதற்கு எனக்கு இருந்த உரிமையை யாரோ மரியாதையாகப் பறித்துக்கொண்டது போலிருந்தது.

கருமாதி முடிந்து வீடு காலியான பிறகு, தெருவில் பூ விற்கும் அம்மா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கணவர் போன பிறகும் ஒரு மாதம் வரை இரண்டு பேருக்கே அரிசி அளந்ததையும், உலை கொதிக்கும்போது நினைவு வந்து அப்படியே நின்றுவிடுவதையும் மட்டும் சொன்னார். மாலை ஆறு மணியானால் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, அன்றைய கிழமைக்குரிய அறையைப் பார்த்துவிட்டு மூடிவைக்கும் என் பழக்கத்தை, அதுவரை மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை, அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

அந்த வாரம்தான் புறநானூற்றின் 245ஆம் பாடலை மறுபடி எடுத்தேன். மனைவியை ஈமத்தீயில் கிடத்திவிட்டு வந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சேர மன்னன் பாடிய ஏழே அடிகள். கல்லூரியில் 'பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை', அதாவது இறந்தவரை நினைத்து வருந்தும் பாட்டு, என்று மனப்பாடம் செய்ததோடு சரி. என் உயிரைப் போக்கும் வலிமை இல்லாத இந்தத் துயரம் எவ்வளவு பெரிதாக இருந்துதான் என்ன என்று தொடங்குகிறவன், "இன்னும் வாழ்வல், என்இதன் பண்பே" என்று முடிக்கிறான். பசித்துச் சாப்பிட்டதற்காகவும் தூக்கம் வந்ததற்காகவும் நான் உள்ளுக்குள் பட்டுக்கொண்டிருந்த வெட்கத்தை, முடியுடை வேந்தன் ஒருவன் இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டிருக்கிறான்.

தேற்ற வருகிறவர்கள் நம் துக்கத்தைச் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிறார்கள். தம் துக்கத்தைச் சொல்கிறவர்களோ நமக்கும் பக்கத்தில் ஓர் இடம் போட்டுவைக்கிறார்கள் என்பது என் எண்ணம். ("இதெல்லாம் என்ன, எனக்கு நடந்ததைக் கேள்" என்று போட்டிக்கு வருகிறவர்களை இதில் சேர்க்கவில்லை.)

போன வெள்ளிக்கிழமை பூ வாங்கும்போது, அரிசியின் அளவு எப்போது மாறியது என்று அவரிடம் கேட்டேன். முழம் போட்டுக்கொண்டே, "தெரியலையே தம்பி" என்றார்.