குறட்டையும் புற்றுநோயும்: லாரிக்காரர் வீடுகளுக்குச் சில வார்த்தைகள்

"அசந்து தூங்குறாரு, எழுப்பாதே." குறட்டைச் சத்தம் கேட்டால் நம் வீடுகளில் இப்படித்தான் சொல்வோம். சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னும் அதிகம். இந்தப் பேச்சை விட்டாக வேண்டும்.

எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. ஆனால் பெரிய குறட்டை திடீரென்று அடங்கி, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஒரு திணறலோடு மூச்சு திரும்பினால் அது ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோயாக, இருக்கலாம். லாரி ஓட்டும் என் சித்தப்பாவுக்கு இது உண்டு. சத்தம் நின்றதும் சித்தி இருட்டிலேயே அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். தூக்கத்தில் மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ, ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குக் குறையாமல், மூச்சு நின்றாலோ பாதி அடைபட்டாலோ அது கடுமையான வகை. அப்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி இறங்கி ஏறுகிறது.

ஆப்னியாவால் புற்றுநோய் வருமோ என்ற பேச்சு வருவது இங்கிருந்துதான். ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் கூடும், அது புது ரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டும். (செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2019-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.) கட்டி வளரவும் ரத்தக்குழாய் வேண்டுமே. பார்சிலோனாவில் எலிகளுக்கு விட்டுவிட்டு ஆக்சிஜனைக் குறைத்தபோது மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டிகள் வேகமாக வளர்ந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சுமார் 1,500 பேரை 22 ஆண்டுகள் கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஆப்னியா இருந்தவர்கள் புற்றுநோயால் இறப்பது கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகமாக இருந்தது.

அந்த 5 மடங்கைப் பார்த்துப் பதறிவிட வேண்டாம். அந்த ஆய்வில் புற்றுநோய் மரணங்கள் மொத்தமே 50தான். 2016-ல் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் இன்சூரன்ஸ் பதிவுகளை அலசியபோது ஆப்னியா உள்ளவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் ஆபத்து கூடவில்லை. சில வகைப் புற்றுநோய் அதிகம், சில வகை குறைவு. அப்புறம், உடல் பருமன் இரண்டு நோய்க்குமே வழிவிடுகிறது, எது எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். தொடர்பு இருக்கலாம், இதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. என் நிலைப்பாடு இவ்வளவுதான். ஆப்னியா உள்ளவர்கள் தூங்கும்போது மாட்டும் சி-பாப் என்ற காற்று மெஷினைப் போட்டால் கேன்சர் வராது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஆனால் ஆப்னியாவைச் சோதிக்கப் புற்றுநோய்ப் பயம் தேவையே இல்லை. பிபி ஏறுவதும் பகலில் கண் சொருகுவதும் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயங்கள். தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும் ஓட்டுநருக்கு ஒரு நொடி கண்ணசந்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதில்தான். ஓட்டுநருக்குக் கண்ணைச் சோதிக்கிறோம், தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செல்போனில் அந்தக் குறட்டையை வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ நுரையீரல் டாக்டரிடமோ காட்டுங்கள். ஸ்லீப் டெஸ்ட் என்றால் விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. பல பேருக்கு வீட்டிலேயே எடுத்துவிடலாம். நோய் உறுதியானால், காற்றை மெல்ல அழுத்தித் தொண்டை மூடாமல் வைத்திருக்கும் அந்த சி-பாப் மெஷின் 1981 முதல் இருக்கிறது.

லாரி உரிமையாளர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார்களே, அடுத்த கண் சிகிச்சை முகாமில் ஒரு மேஜையை இதற்கும் ஒதுக்குங்கள். குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருகிறதா என்று கேட்டு, கழுத்துச் சுற்றளவும் பிபியும் பார்த்தாலே யாரை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.