சீருடை முதலிலா, பதிவு முதலிலா?

பிளஸ் 2 உயிரியல் மாணவர்களுக்கு ராணுவ மருத்துவப் பிரிவா, நர்சிங் படிப்பா என்று அலசிய கட்டுரை, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தொடவே இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக, அதாவது செவிலிய உதவியாளராகச் சேரும் இளைஞனுக்குப் பயிற்சி, சம்பளம், சீருடை எல்லாம் உடனே கிடைக்கும். காயத்துக்குக் கட்டுப்போடுவதிலிருந்து அவசர சிகிச்சை வரை கை நன்றாகப் பழகிவிடும். ஆனால் நாற்பது வயதையொட்டி ஊர் திரும்பியதும் மருத்துவமனைகள் கேட்பது கைப்பழக்கத்தை அல்ல, செவிலியராக வேலை செய்யத் தேவையான மாநில நர்சிங் கவுன்சில் பதிவை. அதற்கு ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ அல்லது பிஎஸ்சி நர்சிங் படித்திருக்க வேண்டும். அனுபவசாலிகளைச் செவிலியர் பணியில் அமர்த்தாமல் வேறு வேலைக்குத் தள்ளுவது அநியாயம்தான். இருந்தாலும் விதி அதுதான்.

பெண்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. நீட் எழுதி, புனே போன்ற இடங்களில் உள்ள ராணுவ நர்சிங் கல்லூரிகளில் நான்கு ஆண்டுகள் படித்தால், பட்டத்தோடு ராணுவ நர்சிங் சர்வீஸ் என்ற செவிலியர் பிரிவில் லெப்டினன்ட் என்ற அதிகாரிப் பதவியும் கிடைக்கும். அந்தப் பிரிவில் ஆண்களுக்கு இடமில்லை என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் வருமானம் உடனே தேவையில்லாத பையன் முதலில் நர்சிங் பட்டத்தை முடிக்கட்டும். நர்சிங் அசிஸ்டென்ட் தேர்வுக்கு வயது வரம்பு 23 என்பதால், படித்து முடித்த பின்னும் ஒரு முயற்சிக்கு அவகாசம் இருக்கும்.