இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டார்: "அண்ணா, இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி வெச்சுத்தான் குடுக்கிறேன், கிட் லாக்ல வரவே மாட்டேங்குது." கிட் என்பது நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிவு வைக்கும் மென்பொருள்; லாக் அந்தப் பதிவுகளின் பட்டியல். பெயரை முதலில் எழுதி இனிஷியலைக் கடைசியில் போடுபவர் அவர். 'மலர் க.' என்று வைத்துக்கொள்ளுங்கள். லாகில் 'மலர் க' என்று மொட்டையாக நின்றது.

கிட்டுக்குப் பெயரைச் சொல்லும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கைப் பார்த்தோம், புள்ளி இருந்தது. லாக் காட்டும் விதத்தில் கோளாறோ என்று கேட்-ஃபைல் என்ற கட்டளையைப் போட்டு, கமிட்டையே, அதாவது அந்த மாற்றத்தின் மூலப் பதிவையே, திறந்தோம். அதிலேயே இல்லை. அப்படியென்றால், எழுதும்போதே போயிருக்கிறது.

கிட்டின் சோர்ஸ் கோடில் ஐடென்ட்.சி என்ற கோப்பில் 'கிரட்' என்று ஒரு சின்ன ஃபங்ஷன் உண்டு. கிரட் என்றால் கசடு. பெயரின் இரு முனைகளிலும் இருக்கும் ஸ்பேஸ், காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோள் குறி எல்லாம் அதற்குக் கசடுதான். பழைய பதிப்புகளில் முற்றுப்புள்ளியும் அந்தப் பட்டியலில் இருந்தது. எங்கள் மெஷின்களில் இருந்தது பழைய பதிப்பு. 'க. மலர்' என்று எழுதியிருந்தால் புள்ளி நடுவில் மாட்டித் தப்பித்திருக்கும்.

பெயரிலிருந்து கோணக்குறிகளையும் (< >) கிட் நீக்கும்; அது நியாயம். கமிட்டில் பெயரை அடுத்து, கோணக்குறிகளுக்குள்தான் மின்னஞ்சல் வரும். பெயரிலும் அது இருந்தால் பெயர் எங்கே முடிகிறது என்று தெரியாது. புள்ளி யாருக்கு என்ன கெடுதல் செய்தது? 1999இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெரார்ட் 'ட் ஹூஃப்ட் என்ற டச்சுக்காரரின் குடும்பப் பெயரே ஒற்றை மேற்கோள் குறியில்தான் தொடங்குகிறது. குடும்பப் பெயரை மட்டும் கொடுத்தால் அந்தக் குறியும் போய்விடும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான்: பெயர் முழுவதும் கசடாக இருந்தால் கிட் எரர் காட்டி நின்றுவிடுகிறது. ஒரு குறியை மட்டும் எடுத்தால் மூச்சு விடுவதில்லை. இன்னொருவர் பெயரில் கை வைக்கும் நிரல் ஒரு வரி எச்சரிக்கையாவது தர வேண்டும். அந்த இனிஷியல் அவருடைய அம்மாவின் பெயர்.

திருத்துவதும் லேசில்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற அடையாளம் உண்டு. ஆசிரியர் பெயரும் அந்தக் கணக்கில் சேர்வதால், ஒரு கமிட்டில் பெயரை மாற்றினால் அதன்மேல் வந்த எல்லாக் கமிட்டுகளின் ஹாஷும் மாறும். ஊரே பயன்படுத்தும் ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில்) அதைச் செய்ய முடியாது. லாகில் எந்தப் பெயரைக் காட்ட வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் மெயில்மேப் கோப்பில் சரியான பெயரை எழுதி வைத்தோம். லாகில் இப்போது ஒழுங்காக வருகிறது, பழைய கமிட்டுகளுக்குள் மட்டும் புள்ளி இல்லாமலே இருக்கும்.

புதிய பதிப்புகளில் புள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று மாலையே எல்லா மெஷினிலும் கிட்டை அப்டேட் செய்தோம். அவர் ரீட்மீயில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கமிட் செய்துவிட்டு, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புள்ளி இருந்தது.