ஸகாத்தும் அபராதத் தொகையும் ஒன்றல்ல

இஸ்லாமிய நிதியியல் என்று பேச்செடுத்தாலே அது வட்டியில் தொடங்கி வட்டியிலேயே முடிந்துவிடுகிறது. வட்டி விலக்கப்பட்டது என்பதில் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் வட்டியை நீக்கிவிட்டு, முடங்கிக் கிடக்கும் செல்வத்தைக் கண்டுகொள்ளாத ஓர் ஏற்பாட்டை அறம் சார்ந்த நிதி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. குர்ஆனின் 2:276 வசனம் வட்டி அழிக்கப்படுவதையும் தர்மங்கள் வளர்க்கப்படுவதையும் சேர்த்தேதான் சொல்கிறது.

85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டிய சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால், அதில் 2.5 சதவீதம் ஸகாத்தாக, அதாவது கட்டாயத் தர்மமாக, கடமையாகிறது. (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாபுக்கு எந்த உலோகத்தைக் கொள்வது என்ற விவாதத்தில் நான் வெள்ளியின் பக்கம், கொடுக்க வேண்டியவர்கள் அதிகமாவார்கள்.) இது வருமானத்தின் மீதல்ல, வைத்திருக்கும் பணத்தின் மீதே விழுகிறது என்பதுதான் முக்கியம். ஒரு லட்சத்தைப் பூட்டி வைத்து ஆண்டுதோறும் ஸகாத் கொடுத்து வந்தால், 28 ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் பணத்தைத் தொழிலில் இறக்கி, லாபத்தையும் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும்படி இதைவிட அழுத்தமாக எந்தச் சட்டம் சொல்லும்?

இஸ்லாமிய நிதி நிறுவனங்களிடம் எனக்குள்ள வருத்தம் வேறு. முராபஹாவில் வங்கி ஒரு பொருளை வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து, வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்கிறது. தவணை தவறினால் வசூலிக்கும் அபராதத்தை வங்கி தன் வருமானமாக்கக் கூடாது என்பதால், அது தர்ம நிதிக்குப் போகிறது. நான் பார்த்த சில விளம்பர ஏடுகள் இந்தத் தொகையையும் ஸகாத்தையும் கூட்டி, 'சமூகப் பங்களிப்பு' என்று ஒற்றை எண்ணாகக் காட்டுகின்றன. ஒன்று ஹலாலான செல்வத்தில் ஏழைக்குள்ள உரிமை. மற்றது வங்கி தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாத பணம். இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவது கணக்கெழுதும் சௌகரியம் மட்டுமே.

ஸகாத் பெறத் தகுதியுள்ளோராக 9:60 வசனம் குறிப்பிடும் எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் உண்டு. சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி 2:280 சொல்கிறது. அப்படியானால் தவணை கட்ட முடியாமல் அபராதம் செலுத்தும் அதே வாடிக்கையாளர், அதே வங்கியின் ஸகாத் நிதிக்கு உரிமையுள்ளவராகவும் இருக்கலாம். அபராதக் கடிதத்தை அனுப்பும் முன்னால் அவருடைய நிலைமையை விசாரிக்கும் ஏற்பாடு எத்தனை நிறுவனங்களில் இருக்கிறது?